அசையாத முதுகு

ட்ரோனின் கேமரா பழுதாகிவிட்டது. புஞ்சைக்காரர் சிவனாண்டி கொடுத்த வைஃபை கேமராவை அதில் கட்டி, டேப்லெட்டில் இணைத்து, மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கப் பறக்கவிட்டான் டெல்வின்.

படம் தெரிந்ததும் பதறினான். "அண்ணாச்சி, புஞ்சைக்குள்ள ஒரு பொம்பளை உக்காந்திருக்கா! மேல மருந்து விழுந்திரும்!"

வரப்பில் நின்ற சிவனாண்டி சிரித்தார். "எம் பொண்டாட்டி அழகுத்தாயே சண்டை போட்டுட்டு காலையில கழுகுமலைக்குப் பஸ் ஏறிட்டா. இங்கன வேற யாருலே இருக்கா?"

டெல்வின் ட்ரோனை இடப்பக்கம் ஓட்டினான். முதுகைக் காட்டியபடி அவள் திரையின் நடுவிலேயே இருந்தாள். வலப்பக்கம் ஓட்டினான். அப்போதும் அசையவில்லை.

ட்ரோனைத் தரையில் இறக்கினான். அதன் பிறகும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, இது மனுஷி இல்ல!"

சிவனாண்டி டேப்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது.

"ஏலே, நான் குடுத்தத விட்டுட்டு வேற கேமராவ இணைச்சிருக்க! இது மோட்டார் களவு போவுதுன்னு கிணத்து மேட்டுல மாட்டுனதுலே!"

டேப்லெட்டை அவன் கையில் திணித்துவிட்டு, துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் கிணற்றுப் பக்கம் ஓடினார். "அழகுத்தாயி! ஏட்டி, அழகுத்தாயி!" என்ற அலறல் கரிசல் முழுக்கக் கேட்டது.

டெல்வின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த முதுகு அசைந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.