சோலையம்மாளின் கூலர்

சுவிட்சைப் போட்டதும், தகரப் பெட்டிக்குள் யாரோ அம்மிக்குழவியை உருட்டுவது போலச் சத்தம் கிளம்பியது. கடைக்காரர் சிக்கந்தர் கூசிப்போய் உடனே அணைத்தார். போன கோடையில் ஒருவர் ஆசையாக வாங்கிப்போய், மறுநாளே வண்டி வைத்துத் திருப்பி அனுப்பிய ஏர்கூலர் அது.

"ஏன் பாய் நிப்பாட்டுறீக? ஓடட்டும்" என்றாள் சோலையம்மாள். பெட்டியோடு காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் மேளம் கேட்பவள் போல இருந்தது முகம்.

அவளுக்குப் பின்னால் மருமகள் தங்கப்பொண்ணு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியும் வெயில் இறங்கவில்லை. கோரிப்பாளையம் முக்கில் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. கூலர் கேட்டு வருகிறவர்களிடம் சிக்கந்தர் முதலில் விசாரிப்பது அறையைத்தான். சோலையம்மாள் அறையோடு குடும்பத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

செல்லூரில் ஒற்றை ஹால் வீடு. கல்யாணத்துக்காக அந்த ஹாலைத் தடுத்து மகன் முத்திருளனுக்கு ஓர் அறை ஆக்கியிருந்தாள். அவனோ ராத்திரியானால் புழுக்கம் என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான். தெருவில் பாதி ஆண்கள் படுக்கிற மாடி. மருமகள் அங்கே போக முடியாது. இப்போது அண்ணாநகர்ப் பக்கம் தனி வீடு பார்க்கிறான். ஆடி பிறப்பதற்குள் போய்விடுவதாகப் பேச்சு.

புருஷன் இல்லாதவள். ஒரே பிள்ளை. அவனும் போய்விட்டால் அந்த ஹாலில் தடுப்பு எதற்கு, தான் எதற்கு என்று கேட்டுவிட்டு, இருக்கிறதில் மலிவாக ஒன்றைக் காட்டச் சொன்னாள்.

மலிவு என்றால் அந்த ஓட்டைப் பெட்டிதான். இருந்தாலும் மனசு கேட்காமல், பக்கத்திலிருந்த நீலக் கூலரை ஓடவிட்டார் சிக்கந்தர். வெட்டிவேர் வாசனையோடு ஜில்லென்று காற்று வந்தது. தங்கப்பொண்ணு காதிலிருந்து கையை எடுத்தாள்.

"கொஞ்சம் கூடத்தான். ஆனா ஓடுறதே தெரியாதுக்கா. அறையில கொசு பறந்தாக்கூடக் கேக்கும்."

"அப்ப இது வேணாம்" என்றாள் சோலையம்மாள்.

"அத்தை, இது நல்லாத்தான இருக்கு" என்று முணுமுணுத்தாள் தங்கப்பொண்ணு.

"நீ சும்மா இரு. ஓடுதா, நின்னுபோச்சான்னே தெரியாத சாமானை வாங்கி வச்சுக்கிட்டு எவ கரண்டுக்குக் காசு கட்டுறது?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். சிக்கந்தருக்குத் தன் மகள் ஞாபகம் வந்தது. அவளையும் போன வருஷம்தான் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருந்தார். எந்தக் கடையில் எந்த மாமியார் அவளை இப்படி வாயை மூடச் சொல்கிறாளோ.

யோசித்தார். பிறகு, நட்டப்பட்டாலும் பரவாயில்லை, ஓட்டைப் பெட்டியின் விலைக்கே நீலக் கூலரைத் தந்துவிடுவதாகச் சொன்னார்.

சோலையம்மாள் அசையவில்லை. தகரப் பெட்டியின் தலையில் கையை வைத்து, இதைத்தான் கட்டுங்கள் என்றாள். மருமகளைப் பார்த்து, வாசலில் போய் ரிக்‌ஷா பிடிக்கச் சொன்னாள். தங்கப்பொண்ணு முகத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். வேர்வையைத்தான் துடைத்தாள் என்று நினைக்க சிக்கந்தரால் முடியவில்லை.

அதற்கு மேல் பொறுக்கவும் முடியவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நானும் பொண்ணக் கட்டிக்குடுத்தவன். இந்தச் சத்தத்துல அந்தப் பிள்ளைக எப்படித் தூங்கும்? ஆடி வரைக்கும்கூடத் தாங்காது. நாளைக்கே தனி வீட்டுக்குப் போயிருவாக."

சோலையம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசிப் பலனில்லை என்று சிக்கந்தர் திருப்புளியை எடுத்தார். மோட்டாருக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்து முடுக்கினால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். அதற்குக் காசுகூட வேண்டாம் என்று பெட்டியின் பின்பக்கத்தைத் திறக்கக் குனிந்தார்.

சோலையம்மாள் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் வேற்று ஆண் கை என்பது உறைத்தது போலும், சட்டென்று விட்டாள்.

"கை வச்சுராதீக பாய். சத்தம் அப்படியே இருக்கட்டும்."

சிக்கந்தர் திருப்புளியோடு அப்படியே நின்றார். இந்த அம்மாளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

சோலையம்மாள் மறுபடி வாசலை எட்டிப் பார்த்தாள். தங்கப்பொண்ணு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரிக்‌ஷாக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் இருந்த விறைப்பெல்லாம் கிழவியின் முகத்திலிருந்து போய், புதுப்பெண் போல ஒரு வெட்கம் வந்து உட்கார்ந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"வெயிலு போன வருசமும்தான் அடிச்சுச்சு. அப்ப அவன் மாடிக்குப் போகல, ஹால்லதான் கிடந்தான்."

"அப்புறம்?"

"நடுவுல ஒத்தப் பலகைதான் பாய். இந்தப் பக்கம் நான்ல படுத்திருக்கேன்."