விதைக்கு விட்ட சுரைக்காய்

கையில் கத்தியோடு அவர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் சம்மட்டியோடு ஒருவர் நின்றார். இடையில் இருந்த தாழ்ப்பாள் மட்டும் யார் பக்கமும் சேராமல் இருந்தது.

"கதவைத் திறங்க. இது எல்லாருக்கும் பொதுவான மொட்டைமாடி" என்றது ஒரு பெண்குரல். தொடர்ந்து ஒரு தும்மல்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சங்க விவகாரம் என்று வந்துவிட்டால் தயவு தாட்சண்யம் பார்க்காதவர் என்று பெயரெடுத்த அம்மையார். அவரை அந்தப் பதவிக்கு முன்மொழிந்து, முதல் ஆளாகக் கைதட்டியதும் தாம்தான் என்பதை நினைத்தாலே தோட்டக்காரருக்கு நெஞ்செரிச்சல் வந்தது.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அவருக்குக் குடியிருப்பில் இப்போது தோட்டக்காரர் என்றே பெயர். அந்தப் பெயருக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. மாடியில் அவர் வைத்த செடித்தொட்டிகளின் தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். அறுவடை முடிந்ததும் தொட்டிகளை அகற்றித் தளத்தைப் பெயர்த்துப் பூச வேண்டும், மறுபடி ஒரு தொட்டிகூட மேலே ஏறக் கூடாது என்பது சங்கத்தின் தீர்மானம்.

"செயலாளரா வந்திருக்கீங்க, செயலாளராவே பேசுங்க. உள்ள வாங்க" என்று தாழ்ப்பாளை நீக்கினார்.

செயலாளர் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே நுழைந்தார். பின்னால் சம்மட்டியோடு கொத்தனார்.

கத்தரி ஒரு கூடை, வெண்டை ஒரு கூடை, தக்காளி இரண்டு கூடை. செடிகள் மொட்டையாக நின்றன. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பாயும் கொசுவலையும் கிடந்தன. முதல் பிஞ்சை எலி கடித்த அன்றே தோட்டக்காரர் படுக்கையை மாடிக்கு மாற்றிவிட்டார். சாப்பிட மட்டும் கீழே இறங்குவார். சாப்பிட்ட கையோடு ஏறிவிடுவார்.

"எல்லாம் பறிச்சாச்சு. அப்ப அறுவடை முடிஞ்சுது" என்றார் செயலாளர். "கொத்தனாரே, ஆரம்பிங்க."

"நில்லுங்க! யார் சொன்னா முடிஞ்சுதுன்னு?"

கத்தி முனை பந்தலைக் காட்டியது. சிவப்புத் துணி கட்டிய ஒரே ஒரு சுரைக்காய், கொத்தனாரின் தலையளவு பெருத்துத் தொங்கியது.

"விதைக்கு விட்டது. கொடியிலேயே காயணும். ஆட்டினா உள்ள விதை கலகலன்னு குலுங்கணும். அன்னிக்குத்தான் அறுவடை முடியும். தீர்மானத்துல அறுவடை முடிஞ்சதும்னுதானே இருக்கு?"

"அது குலுங்கறதுக்குள்ள நீங்க அடுத்த விதையைப் போட்டுடுவீங்க."

"போட்டாச்சு." தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு தட்டை இழுத்துக் காட்டினார். தட்டு நிறைய முளைகள், இரண்டிரண்டு இலையோடு.

கொத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயா, பஸ் ஓட்டினப்பவும் இப்படித்தானா? எந்த ஸ்டாப்புலயும் நிக்காமப் போய்க்கிட்டே இருப்பீங்களா?"

"நீ சும்மா இருப்பா. உன் சம்மட்டி என் தொட்டி மேல பட்டுச்சு, அப்புறம் தெரியும் சேதி."

செயலாளர் அசையவில்லை. "கூரை ஒழுகுது. அதுக்குப் பதில் சொல்லுங்க."

"யார் வீட்டுக் கூரை? இந்தத் தளத்துக்குக் கீழ இருக்கறது ரெண்டே வீடு. ஒண்ணு என்னோடது. ஒழுகினா எனக்குத் தெரியாதா? அப்ப மிச்சம் யாரு, அந்தப் பல் டாக்டர்தானே! வாரம் தவறாம என் கத்தரிக்காயை வாங்கித் தின்னுட்டு, இப்ப அந்த ஆளு என் மேலயே புகார் குடுக்கறாரா?"

செயலாளர் அடுத்தடுத்து இருமுறை தும்மினார். "யார் குடுத்தாங்கன்னு செயலாளர் சொல்லக் கூடாது. அது விதி."

"அப்ப நானும் ஒரு விதி சொல்றேன், கேட்டுக்குங்க." தோட்டக்காரர் பந்தலுக்கு அடியில் கால் பரப்பி நின்றார். "புகார் குடுத்த ஆளு மேல ஏறி வரட்டும். என் மூஞ்சியைப் பாத்து, ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இந்தக் கத்தியாலேயே அந்தக் காயை அறுத்துடறேன். தொட்டியெல்லாம் நானே இறக்கிடறேன். அந்தத் தைரியம் இல்லாம ஒளிஞ்சு நிக்கற ஆளுக்காக ஒரு இலையைக்கூடக் கிள்ள மாட்டேன்!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"ஸ்டியரிங் பிடிச்ச கை. சொன்னது சொன்னதுதான்."

செயலாளர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கொத்தனாரே, கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

கொத்தனார் சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாதிப் படம் பார்த்தவன்போல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இறங்கினார். அவருடைய காலடியோசை அடங்கும்வரை செயலாளர் காத்திருந்தார். பிறகு பந்தலுக்கு அடியில் நுழைந்து, கத்திக்கு நேர் எதிரே வந்து, தோட்டக்காரரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"வாயால எத்தனையோ தடவை சொன்னேன், செடியைப் பாத்துக்கிட்டே தலையாட்டினீங்க. அதான் புகாராவே குடுத்தேன்" என்றாள் அவள். "நம்ம கட்டில்தாங்க நனையுது!"