வேகமாப் போ

கயிற்றின் நுனி ஆடிக்கொண்டிருந்தது. ஆடவே கூடாத நுனி அது.

அறுபதடி கீழே நின்று கயிற்றை விட்டுக்கொண்டிருந்தவன் அதைப் பார்த்துவிட்டான். மேலே ஏறிக்கொண்டிருப்பவள் அவன் மனைவி. இடுப்புப் பட்டைக்குள் கயிற்றை நுழைத்திருக்கிறாள், முடிச்சை முடிக்கவில்லை. வழுக்கினால் தாங்க வேண்டிய கயிறு சும்மா செருகிக் கிடக்கிறது.

விடிந்ததிலிருந்து நாலு பாறை ஏறி இறங்கியாயிற்று. இது ஐந்தாவது, கடைசி. ஐந்தையும் ஒரே பகலில், பொழுது சாய்வதற்குள் ஏறிவிட வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருஷத்து ஆசை. போன இரண்டு தடவையும் நாலோடு திரும்பியதற்கு அவன்தான் காரணம் என்பாள். பொய்யில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நட்டை முறுக்கிவிட்டு, முறுக்கினோமா என்று இன்னொரு தடவை பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். அவளுக்குச் சிவப்பு விளக்கும் பச்சைதான். இந்த இரண்டு பேருக்கும் ஜோடிப் பொருத்தம் பார்த்த புண்ணியவான்களைத்தான் கேட்க வேண்டும்.

ஏறுவதற்கு முன் ஒருவர் முடிச்சை இன்னொருவர் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பாறை ஏறுகிறவர்கள் யாரும் இதை விட மாட்டார்கள். அவனோ இரண்டு தடவை இழுப்பான்.

ஐந்தாவது பாறையின் அடியில், அவள் கட்டிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டிவிட்டான்.

"என் முடிச்சைத் தொடாதீங்க! நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள பொழுதே போயிடும்!"

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். சண்டையில் பாதியில் விட்ட முடிச்சை அவள் அப்படியே மறந்தாள். ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டு ஏறிவிட்டாள்.

பாழாய்ப்போன ரோஷம்! ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இப்போது ஸ்வெட்டர் மேலேறி நுனி தெரிகிறது. அவள் ஏறும் ஒவ்வொரு அடிக்கும் கயிற்றின் கனம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுகிறது. ஒரு முழம் இருந்தது. இப்போது ஒரு சாண்தான்.

கத்தலாமா? கத்தினால் குனிந்து பார்ப்பாள். விரல் நுனியில் தொங்குகிற இடத்தில் பதறினால் தீர்ந்தது. ஒரு கையை எடுத்து முடிச்சுப் போடலாம் என்று நினைத்தாலும் தீர்ந்தது.

இன்னும் ஆறடியில், இடது பக்கம், சின்னதாக ஒரு மேடை இருந்தது. இரண்டு பாதமும் வைக்கலாம். கையை விடலாம். ஆனால் அவள் நிற்கிறவளா? காலையிலிருந்து ஒரு மேடையில்கூட நிற்கவில்லை. அவன் நில் என்று சொன்னால் சத்தியமாக நிற்க மாட்டாள். ஒன்பது வருஷ அனுபவம்.

கயிறு இறுகாமல் தளர்த்தித் தளர்த்தி விட்டான். அந்த ஒரு சாணை மட்டும் விட்டுவை என்று யாரிடமென்று தெரியாமல் கெஞ்சினான்.

அப்போதுதான் புத்தியில் பட்டது.

"நிக்காத! அந்த மேடைப் பக்கமே போகாத! வேகமாப் போ!"

குரலை முடிந்தவரை சிடுசிடுவென்று வைத்துக்கொண்டான்.

மேலே அவள் ஒரு கணம் அசையாமல் இருந்தாள். பிறகு இடது காலை நகர்த்தினாள். மேடையில் ஒரு பாதம். இன்னொரு பாதம். நின்றாள். பாறையில் கன்னத்தைச் சாய்த்து மூச்சு வாங்கினாள். அப்புறம் மெதுவாகக் குனிந்து இடுப்பைப் பார்த்தாள்.

நாலு விரல் நீளம்தான் மிச்சமிருந்தது.

அவசரமே தெரியாதவள் மாதிரி முடிச்சைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள். கீழே ஒரு பார்வைகூடப் பார்க்காமல் மறுபடி ஏறினாள்.

அவன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இன்னும் மிச்சமிருந்தது. ஐந்தும் முடிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவான் போலிருந்தது. அதை மறைக்கக் கிண்டலில் இறங்கினான். நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்கிற உன் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும், இன்றைக்கு அதுதான் உன்னைக் காப்பாற்றியது என்றான்.

அவள் சிரிக்கவில்லை.

"பிடிவாதமா? இந்த ஒன்பது வருஷத்துல என்னை ஒரு தடவையாவது வேகமாப் போன்னு சொல்லியிருக்கீங்களா? என்னமோ ஆயிடுச்சுன்னு அப்பவே எனக்குக் குலை நடுங்கிடுச்சு."



இறங்குவதற்குக் கயிறு கட்டியதும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவள் முடிச்சை அவன் இழுத்துப் பார்த்தான்.

கையை இறக்காமல், இரண்டாவது தடவைக்காக அவள் காத்திருந்தாள்.