சைக்கிள் டியூப்

தகடு வெட்டும் பிரஸ் மெஷின் முன்னால் நின்ற மரகதவல்லிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"வயசும் ஆச்சு, கையும் இப்படி. இந்த மெஷின் உங்களுக்கு ஆபத்தும்மா" என்றார், பாதுகாப்பைச் சோதிக்க வந்த அதிகாரி.

"நாளையிலேர்ந்து வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும் சார்!" மேனேஜர் தயாநிதி சிரித்தார்.

அவள் இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாள். இரும்பு தடாலென்று இறங்கி ஏறியது.

"ரெண்டையும் அமுக்கினாத்தான் இறங்கும். கை வெளியதான் இருக்கும். அப்புறம் விரல் எப்படி சார் போச்சு?"

மேனேஜரின் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எட்டிப் பார்த்த சைக்கிள் டியூப்பை விருட்டென்று உருவினாள். ஒரு பொத்தானை அமுக்கி, அது எழாதபடி டியூப்பால் இறுக்கிக் கட்டினாள்.

"தினம் இப்படித்தான். ஒரு கை தகடு வைக்கும், ஒரு கை அமுக்கும். வேலை பறக்கணுமில்ல? நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் இவரே அவுத்துருவாரு."

மற்றப் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"மேனேஜர் சார், தகடு கோணலா இருக்கு. உள்ள கையை விட்டு நேராக்குங்க. உங்களுக்குத்தான் வயசும் ஆகல, விரலும் முழுசா இருக்கே!"

ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் மேனேஜரின் கைக்காகக் காத்திருந்தார்கள்.