எல்லாருக்கும் சப்பாத்து

2009 சித்திரை. ஈழத்துப் போரை நிறுத்தச் சொல்லி நோர்வேப் பாராளுமன்றத்தின் முன் கத்திக் குரல் கட்டிப்போன கிறேசியனும் மனைவி மெற்றில்டாவும், குளிருக்கு ஒதுங்கிய ஒஸ்லோ அருங்காட்சியகத்தில், ஓர் ஒல்லாந்து அச்சுப்படத்தின் முன் நிற்கிறார்கள். மத்திய கால முற்றுகையொன்றில் விழுந்த ஒரு நகரத்தை, நானூறு வருடங்களுக்குப் பிறகு பிறந்த ஒருவன் கற்பனையில் கண்டு வரைந்திருக்கிறான். வென்ற பிரபு குதிரையில் நிமிர்ந்திருக்க, சனம் மூட்டைகளோடு கோட்டை வாசலால் வெளியேறுகிறது. படத்தின் கண்ணாடியில் சன்னல் வெளிச்சம் வழுக்குகிறது. கிறேசியன் தலையைச் சரித்து, வன்னிப் போருக்குள்ளிருந்து வெளியேறும் சனத்தின் படங்களைக் கணினியில் நிறுத்தித் தங்கையைத் தேடுவதைப் போலவே, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு முகமாக விரலை நகர்த்துகிறார். காவலுக்கு நிற்கும் பெண் செருமுகிறாள். விரல் நிற்கவில்லை. "மச்சாள் இதுக்குள்ளை இருக்க மாட்டா, வாங்கோ" என்கிறாள் மெற்றில்டா. "தெரியும். எல்லாற்றை காலிலையும் சப்பாத்து இருக்கு, பார்." அவள் பார்க்கிறாள். கைக்குழந்தைக்குக்கூடச் சப்பாத்து. ஒருவர் உடுப்பிலும் சேறில்லை. காவல்காரி நெருங்கி வருகிறாள். மெற்றில்டா அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்குகிறாள். ஆனால் அவளுடைய கண்கள், அவரது விரல் நின்ற முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போகின்றன.