அறிவிப்பு வரி

"தப்பு யாருதுன்னு ஏற்கெனவே தெரிஞ்சு போச்சு மேடம். நீங்க கையெழுத்துப் போட்டா விசாரணை முடிஞ்சுது" என்று இயக்குநர் அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் தலைமை அலுவலகத்து ஆய்வாளர். எந்தக் கிளையில் புரோகிராம் சொதப்பினாலும் அவளைத்தான் அனுப்புவார்கள். பேனாவைத் தொடாமல் லேப்டாப்பைத் திறந்தாள்.

மேசையின் மறுமுனையில் குற்றம் சாட்டப்பட்டவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இந்த அலுவலகத்தில் அவருக்குப் 'புள்ளி' என்று பெயர். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் புள்ளி விழுந்திருக்கிறதா என்று திரையில் விரலை வைத்துத் தேடுகிற ஆள். பக்கத்தில் பிரிவுத் தலைவர், கைகளைக் கட்டிக்கொண்டு.

மருந்துக் கிடங்கின் எந்தப் பெட்டி எந்த வண்டியில் போகவேண்டும் என்று முடிவு செய்யும் புரோகிராம் பகுதியை எழுதியவர் புள்ளிதான். போன வாரம் குளிரிலேயே இருக்கவேண்டிய நாற்பது தடுப்பூசிப் பெட்டிகள் சாதாரண வண்டியில் ஏறி, மூன்று மணி நேரம் வெயிலில் போய்விட்டன. மருத்துவமனை ஸ்டோர்காரர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. ஒதுக்கி வைத்துவிட்டார். அந்த மனிதர் தொட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால் கெட்டுப்போன மருந்து ஊசியில் ஏறியிருக்கும். அதனால்தான் இந்த அவசரம். புள்ளியின் பன்னிரண்டு வருட வேலை ஒரு கையெழுத்தில் போகவிருந்தது.

அவள் புள்ளியின் பக்கம் திரும்பவே இல்லை. இந்த அம்மா கறாரான ஆள், விடமாட்டார் என்று பிரிவுத் தலைவருக்கு நிம்மதியாக இருந்தது.

"நான் சொல்றதை நம்பவேண்டாம் சார். நீங்களே பாருங்க" என்று திரையை இயக்குநர் பக்கம் திருப்பினாள் அவள்.

ரெஃபரன்ஸ் வேரியபிள் என்று ஒன்று உண்டு, அதில் பொருள் இருக்காது, பொருள் எங்கே இருக்கிறது என்கிற விலாசம்தான் இருக்கும் என்று நிதானமாக விளக்கினாள். எந்த வகைப் பொருளின் விலாசம் என்பதை ஆரம்பத்திலேயே ஒரு வரியில் அறிவித்துவிட வேண்டும். புள்ளி தன் பகுதியில் 'புதிதாக ஒன்று உருவாக்கு' என்று மட்டும் எழுதியிருந்தார், என்ன வகை என்று எழுதவில்லை. அப்படி எழுதினால், அறிவித்திருக்கும் வகை எதுவோ, அதைத்தான் புரோகிராம் உருவாக்கும்.

"வகையை எழுதாம விட்டாரில்ல? அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் பிரிவுத் தலைவர்.

உங்கள் பிரிவின் விதிமுறையே அப்படித்தான் எழுதச் சொல்கிறது என்று அவள் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். அவர் கைக்கட்டு கொஞ்சம் தளர்ந்தது.

"அறிவிப்பு வரி இவரோட பகுதியில இல்ல சார். எல்லாருக்கும் பொதுவான பகுதியில இருக்கு. இவர் எழுதினப்போ அங்க 'குளிர்சரக்கு'ன்னு இருந்தது. இப்போ வெறும் 'சரக்கு'ன்னு இருக்கு. ஓட்டிப் பாருங்க."

இயக்குநர் பொத்தானை அழுத்தினார். பரிசோதனைப் பெட்டிக்குச் சாதாரண வண்டி என்று வந்தது. அவள் சொன்னபடி அறிவிப்பு வரியில் அந்த ஒரே சொல்லைத் தானே திருத்திவிட்டு மறுபடி அழுத்தினார். குளிர்வண்டி. நம்பாமல் பழையபடி மாற்றினார். சாதாரண வண்டி. புள்ளி எழுதிய வரிகளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

"யார் மாத்தினது?" என்று கேட்டார் இயக்குநர்.

மாற்றங்களின் பதிவை அவள் திறக்கப் போனாள். அதற்குள் பிரிவுத் தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் சார். எல்லா அறிவிப்பும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு... வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம்னு பாத்தேன். இவ்வளவு தூரம் போகும்னு நெனைக்கல."

இயக்குநர் அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். புள்ளியிடம் நேராக மன்னிப்புக் கேட்டார், நாளையிலிருந்து பொதுப்பகுதியும் அவர் பொறுப்பு என்றார். பிறகு அவளைப் பார்த்து, முகம்கூடத் தெரியாத ஒருவருக்காக இத்தனை பாடுபட்டீர்களே என்று நெகிழ்ந்தார். அவருக்காகப் படவில்லை, வரி சரியாக இருந்தது, அதைத்தான் சொன்னேன் என்று அவள் லேப்டாப்பை மூடினாள்.

லிஃப்டில் இருவர் மட்டும். கதவு மூடும்வரை புள்ளி காத்திருந்தார்.

"ஃபைல்ல என் பேரைப் பாத்ததுமே நீ கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்னு நெனைச்சேன்."

"வேலை வேற, அது வேற. இறங்கினதும் சீக்கிரம் நடங்க" என்றாள் அவள், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "பதினோரு மணிக்குக் குடும்ப நீதிமன்றத்துல நம்ம பேரைக் கூப்பிடுவாங்க. விவாகரத்து கேட்டவளே லேட்டா போய் நின்னா நல்லா இருக்காது."