வெள்ளை நுரை

காலை வெயில் குளியலறை ஜன்னல் வழியாகத் தையல்காரியின் கைமேல் விழுகிறது. முக்காலியில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறார், வாதத்தில் வலது கை விழுந்துபோன அவள் கணவர். ஈறு வீங்கி, பல்லை விட்டு விலகி, வேர் வெளியே தெரிகிறது. இப்படியே விட்டால் பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிடும் என்று பல் டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவருக்குப் பல் துலக்கிவிடுவது அவள்தான். மெத்தென்ற பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, ஈறும் பல்லும் சேரும் விளிம்பில், பட்டுத்துணிக்கு ஓரம் அடிப்பவளைப் போல மெல்ல நகர்த்துகிறாள். "வலிக்குதா?" "ம்ஹும்." "அப்புறம் ஏன் கண்ண மூடிக்கிறீங்க?" "சுகமா இருக்குடி." "ஆமா, புது மாப்பிள்ளைன்னு நெனப்பு! துப்புங்க பேசாம." சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் குனிந்து துப்புகிறார். தினமும் சிவந்துபோகும் தொட்டியில் இன்று வெறும் வெள்ளை நுரை. பொட்டு ரத்தம்கூட இல்லை. இருவரும் அதையே பார்க்கிறார்கள். அவள் குழாயைத் திறக்கப் போகிறாள். அவருடைய இடது கை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறது. "தண்ணி விடாத. இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்." அவள் துண்டின் நுனியால் அவர் உதட்டைத் துடைக்கிறாள். பிடித்த கையை அவர் விடவே இல்லை.